வீட்டைச் சுற்றி இயற்கை, விடுமுறைக்குக் குறும்பயணம்: குடும்பத்தோடு வெளியே போவதற்கான முழு வழிகாட்டி

குடும்பத்தோடு வெளியே போன நாள் வீணாகிப் போனால், பழி பெரும்பாலும் இடத்தின் மேல் விழும். உண்மையில் கெடுப்பவை தூரமும் அவசரமும்தான். போக மூன்று மணி நேரம், அங்கே ஒன்றரை மணி நேரம், திரும்ப மூன்று மணி நேரம் என்று ஒரு நாள் அமைந்தால், பிள்ளைக்கு நினைவில் நிற்பது வண்டியின் பின் இருக்கை மட்டுமே. அதனால் இந்த வழிகாட்டி பக்கத்து இடங்களிலிருந்து தொடங்குகிறது. அங்கே பழகிய குடும்பத்துக்குக் குறும்பயணம் தானாகவே எளிதாகிவிடும்.

2019இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழிப்பவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு அதிகம் என்று கண்டது. இது காரண காரியத்தை நிரூபிக்கும் ஆய்வு இல்லை. ஆனால் அதில் நமக்குப் பயன்படும் ஒரு செய்தி உண்டு: அந்த 120 நிமிடத்தை ஒரே தடவையில் கழித்தாலும் பல தடவையாகப் பிரித்துக் கழித்தாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு அரை மணி நேரம் போதும். அதற்கு லீவு தேவையில்லை, பக்கத்தில் ஒரு இடம் இருந்தால் போதும்.

பக்கத்து இடத்தைத் தேர்ந்தெடுப்பது

வீட்டிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ 15 முதல் 20 நிமிடத்துக்குள் எட்ட வேண்டும். அதைத் தாண்டினால் "நாளைக்குப் போகலாம்" என்ற பேச்சு வந்துவிடும். அழகான இடமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. வெட்டிச் சீராக்கிய புல்தரையும் பூச்செடி வரிசையும் உள்ள பூங்காவைவிட, பராமரிப்பில்லாத ஒரு மூலையில் உயிர்கள் அதிகம்.

பார்க்க வேண்டியது விளிம்பு. புல்வெளி முடிந்து மரக்கூட்டம் தொடங்கும் இடம், நீர் முடிந்து சேறு தொடங்கும் இடம், பழைய கல்சுவரின் அடி. இரண்டு வகைச் சூழல் சந்திக்கும் இடத்தில் இரு பக்கத்து உயிர்களும் வரும், விளிம்பையே நம்பி வாழ்பவையும் இருக்கும். நீர் இருந்தால் இன்னும் நல்லது, ஒரு சிறு வாய்க்கால்கூடப் போதும்.

பிள்ளைகளை அழைத்துப் போவதற்கு முன் பெரியவர் ஒருவர் தனியாகப் போய்ப் பார்த்துவிட வேண்டும். எந்த நேரத்தில் குடும்பமாகப் போவீர்களோ அதே நேரத்தில் போங்கள். காலையில் நிழலாக இருக்கும் இடம் மாலையில் சுட்டெரிக்கலாம், பகலில் அமைதியான பாதையில் மாலையில் வண்டிகள் ஓடலாம். பக்கத்தில் கழிப்பறை எங்கே, நீரின் கரை சரிவா செங்குத்தா, நாய்கள் அவிழ்த்து விடப்படுகின்றனவா, கைபேசியில் சிக்னல் வருகிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டைவிட்டு வெளியேறவே முடியாத நாட்களுக்கு ஒரு பால்கனி போதும். அகலமான தட்டு ஒன்றில் 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். தட்டு வழவழப்பாக இருந்தால் பறவைக்குக் கால் வழுக்கும், உள்ளே சில தட்டையான கற்களைப் போடுங்கள். பூனை பாய்ந்து பிடிக்க முடியாதபடி, சுற்றிலும் ஒன்றிரண்டு மீட்டர் திறந்த இடம் இருக்கட்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவி, புதிதாக ஊற்ற வேண்டும். கொசு முட்டையிட்டுப் பறக்கும் கொசுவாக வெளிவர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பதால் இந்த இடைவெளியில் கொசு பெருகாது. பறவைகள் தட்டைக் கண்டுபிடிக்கச் சில வாரம் ஆகலாம். அதற்குள் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் எல்லோரும் செய்வது, அதனாலேயே பறவைகள் வராமலும் போகும்.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப

முதல் தடவை போகும்போது பிள்ளை ஓடும், கத்தும், கல் எறியும். அது சரிதான். நான்காம் ஐந்தாம் தடவைக்குப் பிறகுதான் "போன தடவை இந்த இலையில் முட்டை இருந்ததே, இப்போது எங்கே?" என்ற கேள்வி வரும். பார்வை கூர்மையாவது இப்படித்தான். ஒவ்வொரு வாரமும் புது இடம் காட்டிக்கொண்டே இருந்தால் அந்தக் கேள்வி பிறக்க வழியில்லை.

ஒவ்வொருவரும் தனக்கென ஒரு மரத்தையோ புதரையோ எடுத்துக்கொள்ளட்டும். போகும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று, ஒரே உயரத்திலிருந்து ஒரு படம் எடுங்கள். இடம் மாறாமலிருக்கத் தரையில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்ளலாம். ஒரு வருடப் படங்களை வரிசையாகப் புரட்டினால் மரம் அசைவது போலவே தெரியும்.

பிறகு பத்து நிமிடம் பேசாமல் உட்காருவது. கேட்க எளிது, செய்யக் கடினம். மனிதர்கள் வந்ததும் பறவைகள் அடங்கிவிடும், மீண்டும் அவற்றின் போக்குக்கு வரப் பத்து நிமிடமாவது ஆகும். ஐந்து வயதுப் பிள்ளையால் முதலில் இரண்டு நிமிடம்தான் முடியும். அதிலிருந்து தொடங்கி வாரம் ஒரு நிமிடம் கூட்டுங்கள். சும்மா உட்காரச் சொன்னால் முடியாது, கையில் வேலை கொடுங்கள்: தாளின் நடுவில் ஒரு புள்ளி, அதுதான் நாம். எந்தத் திசையில் எந்தச் சத்தம் கேட்கிறதோ அந்தப் பக்கம் ஒரு குறி. கிட்டத்துச் சத்தம் புள்ளிக்கு அருகில், தூரத்துச் சத்தம் ஓரத்தில். எழுதத் தெரியாத பிள்ளையும் செய்யலாம்.

குறிப்பேட்டில் தேதி, நேரம், வானிலை, பார்த்தது, புரியாதது என்று ஐந்து கட்டம் போதும். கடைசிக் கட்டம்தான் முக்கியம், அடுத்த முறை போவதற்கான காரணம் அதில்தான் இருக்கும்.

பெயர் தெரியாத செடிக்கும் பூச்சிக்கும், கைபேசிக் கேமராவில் காட்டினால் அடையாளம் சொல்லும் சீக் (Seek) செயலி உதவும். கணக்குத் தொடங்காமலே பயன்படுத்தலாம் என்பதால் பிள்ளைகளுக்கு ஏற்றது. பறவைக் குரலுக்குக் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் (Merlin) செயலி இருக்கிறது. ஆனால் முதலில் கண்ணால் பார்த்து, நிறமும் அளவும் நடையும் சொன்ன பிறகுதான் கைபேசி வெளியே வர வேண்டும். வரிசை மாறினால் எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இன்னொன்று: பதிவு செய்த குரலைக் கூட்டுக்குப் பக்கத்தில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டதாக எண்ணி அது முட்டையை விட்டு எழும்.

ஆர்வம் வந்துவிட்டால், பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் 'கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுன்ட்' கணக்கெடுப்பில் உலகில் எங்கிருந்தும் சேரலாம். 1998இல் தொடங்கியது. ஒரு இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்த பறவைகளை எண்ணிப் பதிந்தால் போதும்.

எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்

கணக்கைக் குழுவில் மெதுவாக நடப்பவரிடமிருந்து தொடங்க வேண்டும். அது மூன்று வயதுப் பிள்ளையாக இருக்கலாம், முழங்கால் வலியுள்ள தாத்தாவாகவும் இருக்கலாம்.

மலை நடையில் பழைய விதி ஒன்று உண்டு. 1892இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் சொன்னது: சமதரையில் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். இது நல்ல உடல்வாகுள்ள பெரியவர் நிற்காமல் நடக்கும் கணக்கு. பிள்ளைகளோடு போனால் வரும் விடையை இரட்டிப்பாக்குங்கள். 4 கிலோமீட்டர் நடை, 150 மீட்டர் ஏற்றம் என்றால் 48 நிமிடமும் 15 நிமிடமும் சேர்ந்து 63 நிமிடம். இரட்டித்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். சாப்பிட உட்காரும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டரை மணி நேரம்.

தானாக நடக்கும் பிள்ளைக்கு, மூன்று வயதில் ஒன்றிரண்டு கிலோமீட்டர், ஆறு வயதில் நான்கைந்து என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிசகாது. வெயில், ஏற்றம், தூக்கம் மூன்றும் இதைப் பாதியாக்கும். போய் அதே வழியில் திரும்பும் பாதையென்றால், நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு கழிந்ததும் திரும்பிவிடுங்கள். "கால் வலிக்குது" என்று பிள்ளை சொன்ன பிறகு திரும்புவது தாமதம். அதற்கு முன்பே பேச்சு குறைந்திருக்கும், நடை பின்தங்கியிருக்கும். நின்று தண்ணீரும் தின்பதற்கு ஏதாவதும் கொடுக்க வேண்டிய நேரம் அதுதான்.

பிள்ளைக்கு ஒரு பொறுப்பு கொடுத்தால் தூரம் சுருங்கும். ஒருத்தர் வழிகாட்டி, அடுத்த திருப்பம் வரை அவர்தான் முன்னால் நடப்பார். ஒருத்தர் நேரக் காவலர். இன்னொருத்தர் தண்ணீர் பொறுப்பு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் குடிக்க வைக்க வேண்டும். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு எடுபடாது. அவர்களிடம் பாதையைத் திட்டமிடும் வேலையையே முழுதாகக் கொடுத்துவிடுங்கள், வரைபடத்தோடு. ஒரு நண்பரையும் கூட்டிவர அனுமதித்தால் முகம் கொஞ்சம் மலரும்.

பைனாகுலரைச் சரிசெய்யும் முறை

"எனக்கு ஒண்ணுமே தெரியல" என்று பிள்ளை சொன்னால் பத்தில் ஒன்பது முறை பைனாகுலர் அவர் கண்ணுக்குச் சரிசெய்யப்படவில்லை என்று அர்த்தம்.

வாங்கும்போது 8×42 என்று எழுதியிருந்தால், 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, 42 என்பது முன் லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். மடங்கு கூடினால் நல்லது என்று 10, 12 வாங்கிவிடுகிறார்கள். கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும், தெரியும் பரப்பும் சுருங்கும். பிள்ளைகளுக்கு 6×30 அல்லது 8×32 எடை குறைவு, பிடிக்க எளிது.

1. இரண்டு குழல்களையும் மடக்கியோ விரித்தோ, இரண்டு வட்டங்கள் ஒரே வட்டமாகத் தெரியும் வரை அகலத்தைச் சரிசெய்யுங்கள். பிள்ளையின் கண் இடைவெளி சிறியது, சில பெரிய கருவிகள் அந்த அளவுக்குக் குறுகாது. வாங்குமுன் பார்த்துவிடுங்கள்.
2. கண்ணாடி அணிந்தவர் கண்வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே தள்ள வேண்டும், அணியாதவர் வெளியே இழுக்க வேண்டும்.
3. வலது பக்க முன் லென்ஸைக் கையால் மூடி, இடது கண்ணால் தூரத்து எழுத்துப் பலகை ஒன்றைப் பார்த்து, நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள்.
4. இப்போது இடது லென்ஸை மூடி, வலது கண்ணால் அதே பலகையைப் பாருங்கள். நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண்குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். அந்த வளையத்தின் நிலையைப் பென்சிலால் குறித்து வையுங்கள், அடுத்தவர் கைக்குப் போய் வந்தாலும் உடனே திருப்பி வைக்கலாம்.
5. பறவையை வெறும் கண்ணால் பார்த்தபடி, பார்வையை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்கு உயர்த்துங்கள். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை தொலைந்துவிடும்.

சூரியன் இருக்கும் பக்கம் திருப்பவே கூடாது. ஒரு நொடியிலும் விழித்திரை கருகலாம். இதை வாயால் சொன்னால் போதாது, சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கும்போது மட்டும் கருவியைக் கையில் கொடுங்கள்.

குளத்தங்கரையில் ஒரு மணி நேரம்

பிள்ளைகளை அதிக நேரம் பிடித்துவைக்கும் வேலை இதுதான். தேவையானவை: நீளக் கைப்பிடியுள்ள சிறு கண்ணி வலை, வெள்ளை நிறத்தில் ஆழமில்லாத தட்டு ஒன்று, ஒரு பிளாஸ்டிக் கரண்டி, பூதக்கண்ணாடி. தட்டு வெள்ளையாக இருப்பதுதான் பாதி வெற்றி. மற்ற நிறத்தில் பூச்சிகள் கண்ணுக்கே தெரியாது.

முதலில் தட்டில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குளத்து நீரை எடுங்கள். குழாய் நீர் வேண்டாம், அதில் உள்ள குளோரின் உயிர்களைக் கொல்லும். தட்டை நிழலில் வைத்துவிட்டுத்தான் வலையைத் தொட வேண்டும். நீர்ச்செடிகளின் ஓரமாக, அடிச் சேற்றைக் கிளறாமல், எட்டு எழுதுவது போல வலையை ஐந்தாறு முறை வீசுங்கள். அப்படிச் சுழற்றினால் உள்ளே போனது வெளியேறாது. நடுக்குளத்தில் வீசி ஏமாறாதீர்கள், உயிர்களெல்லாம் செடி ஓரத்தில்தான் ஒளிந்திருக்கும். பிறகு வலையைத் தட்டுக்குள் உட்புறம் வெளியாகப் புரட்டி நீரில் அலசுங்கள். சேறு அதிகம் வந்தால் ஐந்து நிமிடம் ஆடாமல் விட்டால் படிந்துவிடும். பொறுமை இல்லாமல் கொட்டிவிடுபவர்களே அதிகம். நகர ஆரம்பிப்பது அதற்குப் பிறகுதான்.

தட்டானின் இளம்பூச்சியைத் தேடுங்கள். தட்டையாக, அழுக்கு நிறத்தில் இருக்கும். அதன் கீழுதடு மடிந்து முகத்தின் கீழ் இருக்கும், இரை வந்தால் கண்ணிமைப்பதற்குள் முன்னே நீண்டு பிடிக்கும். அதனால் அதைத் தலைப்பிரட்டைகளோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள், வேறு கிண்ணம் கொடுங்கள். ஊசித்தட்டானின் இளம்பூச்சி மெலிந்திருக்கும், வால் நுனியில் இலை போன்ற மூன்று செவுள்கள் உண்டு. மல்லாந்து நீந்தும் பூச்சி ஒன்றும் அகப்படும். அதைக் கையால் தொட வேண்டாம், குத்தினால் நன்றாக வலிக்கும்.

பதினைந்து, இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். எறியாமல், தட்டைத் தாழ்த்தி நீரோடு நீராக. ஆழமில்லாத நீர் சீக்கிரம் சூடாகும், சூடான நீரில் ஆக்சிஜன் குறையும். ஒரு குளத்து உயிரை இன்னொரு குளத்தில் விடக் கூடாது, நோயும் அயல் செடியும் அப்படித்தான் பரவுகின்றன. வேறு குளத்துக்குப் போகுமுன் வலையைக் கழுவி முழுக்கக் காயவையுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை, முடிந்ததும் எல்லோருக்கும் சோப்பு.

இருட்டிய பிறகு

வானம் பார்க்க நாள் பார்க்க வேண்டும். பௌர்ணமி வெளிச்சத்தில் மங்கலான நட்சத்திரங்கள் மறைந்துவிடும், அமாவாசையை ஒட்டிய நாட்கள் சிறந்தவை. நிலாவையே பார்ப்பதானால் அமாவாசை கழிந்து ஏழெட்டாம் நாள். அப்போது ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் நிழல் நீண்டு விழும், பைனாகுலரிலேயே தெரியும். பௌர்ணமியில் ஒளி நேராக விழுவதால் நிழலே இல்லாமல் தட்டையாகத் தெரியும்.

கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். யாராவது ஒருவர் கைபேசியைத் திறந்தால் அந்த அரை மணி நேரம் எல்லோருக்கும் போச்சு. டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாக ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். மங்கலான சிவப்பு ஒளி இருட்டுப் பார்வையை அதிகம் கெடுப்பதில்லை. மங்கலான ஒன்றைப் பார்க்க அதையே உற்றுப் பார்க்காமல் சற்றுப் பக்கத்தில் பார்வையை வைத்தால் தெளிவாகத் தெரியும். குறைந்த ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை.

எரிகல் மழைக்குப் பிள்ளைகளோடு போவதானால் டிசம்பர் 13, 14 இரவுகளின் ஜெமினிட் வசதியானது. இரவு பத்து மணி வாக்கிலேயே நன்றாகத் தொடங்கிவிடும். ஆகஸ்ட் 12, 13இல் வரும் பெர்சீட் நள்ளிரவுக்கு மேல்தான் சூடுபிடிக்கும், தென்கோளத்தில் சரியாகத் தெரியாது. கருவி எதுவும் வேண்டாம், பாய் விரித்துப் படுத்தால் போதும். நின்று பார்த்தால் கழுத்து வலித்து இருபது நிமிடத்தில் எல்லோரும் உள்ளே போய்விடுவார்கள்.

வானம் மூடியிருந்தால் வெள்ளை வேட்டி ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டு, பின்னால் ஒரு விளக்கை வையுங்கள். காற்றில்லாத, புழுக்கமான, நிலவில்லாத இரவில் விட்டில் பூச்சிகள் வந்து அமரும். புற ஊதா விளக்கு இருந்தால் அதிகம் வரும், ஆனால் அதை நேராகப் பார்க்கக் கூடாது. இரண்டு மணி நேரத்தில் விளக்கை அணைத்துவிடுங்கள். விடியும்வரை எரிந்தால், துணியில் ஒட்டியிருக்கும் பூச்சிகள் காலைப் பறவைகளுக்கு விருந்தாகும்.

குறும்பயணம்

ஒரு நாள் பயணத்துக்கு நல்ல அளவுகோல்: போகவர ஆகும் மொத்த நேரம், அங்கே இருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. ஆறு மணி நேரம் அங்கே இருப்பதானால் ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம். ஒரு இடம் மட்டும். "போற வழியிலதானே" என்று இரண்டாவது இடத்தைச் சேர்த்ததும் இரண்டும் கெடும்.

திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். எத்தனை மணிக்குப் பிள்ளைகள் வீட்டில் இருக்க வேண்டும்? அதிலிருந்து பயணம், அங்கிருந்து கிளம்பும் ஆயத்தம் (எப்போதும் அரை மணி நேரம் பிடிக்கும்), இருட்டுவதற்கு முன் ஒரு மணி நேர இடைவெளி எல்லாம் கழித்தால் மிஞ்சுவதே உங்கள் நேரம். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டிலிருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். எத்தனை மணிக்குள் தகவல் இல்லையென்றால் உதவிக்கு அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து.

வண்டி வாந்தி இரண்டு வயது முதல் பன்னிரண்டு வரை அதிகம். உட்காது அசைவை உணர்கிறது, கண்ணோ அசையாத புத்தகத்தைப் பார்க்கிறது. இந்த முரண்பாடுதான் காரணம். புத்தகமும் கைபேசியும் வேண்டாம், முன்பக்கம் தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணாடியைச் சற்று இறக்குங்கள். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் இறங்கி நிற்கலாம்.

தண்ணீர், நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெரியவருக்கு அரை லிட்டர், பிள்ளைக்கு அதில் பாதிக்குச் சற்று மேல். இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளை, மூன்று மணி நேரம் என்றால் ஏறத்தாழ 5 லிட்டர், அதாவது 5 கிலோ எடை. கடும் வெயிலில் இன்னும் வேண்டும். பிள்ளை முதுகில் அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். கெடக்கூடிய உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயிலடித்தால் ஒரு மணி நேரம்தான்.

பையில் இவை போதும்: ஆளுக்கொரு விசில், டார்ச், ஒரு மாற்றுடை (எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டு ஜோடி காலுறை), மழைக்கோட்டு, சன்ஸ்கிரீன், முதலுதவிப் பொருட்கள், கூர்முனை இடுக்கி, குப்பைக்கு இரண்டு பை, பவர் பேங்க், வரைபடத்தின் காகிதப் பிரதி. சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை என்று எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போய்விடுங்கள்.

ஆபத்துகள், முன்கூட்டியே

நீர்தான் முதல் ஆபத்து. மூழ்கும் பிள்ளை கையை ஆட்டிக் கத்தாது. வாய் நீருக்கு மேலும் கீழுமாகப் போய்வரும், சத்தமே இருக்காது. நீந்தத் தெரியாத பிள்ளைக்கும் பெரியவருக்கும் இடையே ஒரு கை தூரம்தான் இருக்க வேண்டும். நான்கு பெரியவர் இருந்தால் நால்வரும் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பாதீர்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். "இப்போது முதல் இருபது நிமிடம் நான்" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் அவர் கையில் கைபேசி இல்லை.

ஓடையில் இருக்கும்போது தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினால், சருகும் குச்சியும் அதிகம் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால் பொருட்களை விட்டுவிட்டு உடனே மேட்டுக்கு ஏறுங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயிலாக இருந்தாலும் மேலே மலையில் மழை பெய்திருக்கும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று நொடி ஆகும். 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போக வேண்டும். தனி மரத்தடி கூடவே கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வரலாம்.

1981இல் கலிஃபோர்னியாவின் பாலோமர் மலையில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வழிதவறி இறந்த பிறகு, பிள்ளைகளுக்கு ஒரு எளிய பாடம் உருவாக்கப்பட்டது: வழி தெரியவில்லையென்றால் பக்கத்திலுள்ள மரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இரு. நடந்துகொண்டே இருக்கும் பிள்ளையைத் தேடுவதுதான் மிகக் கடினம். விசிலை மூன்று மூன்றாக ஊதச் சொல்லுங்கள். தொலைந்தால் திட்ட மாட்டோம் என்பதையும் சொல்லி வையுங்கள், பயத்தில் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு. கிளம்பும் அன்று காலையில் ஒவ்வொருவரையும் முழு உருவமாகப் படமெடுத்தால், என்ன நிறச் சட்டை என்று பதற்றத்தில் யோசிக்க வேண்டியிருக்காது.

உண்ணி கடித்திருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுங்கள். எண்ணெய் தடவுவது, நெருப்பு வைப்பது வேண்டாம். அட்டையை நகத்தால் பக்கவாட்டில் தள்ளி எடுக்கலாம். பாம்பு கடித்தால் கடித்த உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது மட்டுமே முதலுதவி. கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் கேடு.

ஒரு இரவு தங்குவதானால்

முதல் இரவு மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ இருக்கட்டும். பாதி இரவில் பிள்ளை அழுதால் வீட்டுக்குள் போய்விடலாம், என்ன குறைகிறது என்பதும் தெரிந்துவிடும்.

நான்கு பேர் கூடாரம் என்று எழுதியிருந்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் அகலம் என்று கணக்கு. பைகளுக்கு இடமே இருக்காது. ஒரு அளவு பெரிதாக எடுங்கள். அடிக்கும் இடத்தில் மேலே காய்ந்த கிளை இருக்கக் கூடாது, வறண்ட ஓடையின் படுகையாக இருக்கக் கூடாது. இரவில் குளிர் பெரும்பாலும் தரையிலிருந்துதான் ஏறும், இன்னொரு போர்வையை மேலே போடுவதைவிடக் கீழே விரிப்பது பயன் தரும். காற்றுத் துளைகளை மூடாதீர்கள், மூச்சின் ஈரம் துணியில் படிந்து விடியலில் சொட்டும். கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ எரிப்பது கொலைக்குச் சமம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

கழிப்பறை இல்லாத இடத்தில் நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி மூட வேண்டும். பழத்தோல் மக்கும்தானே என்று எறிவதும் குப்பைதான். மக்குவதற்குள் விலங்குகள் மனிதர் இருக்கும் இடத்தில் தின்பதற்குக் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும்.

திரும்பிய அன்றே இரண்டு வேலை. பையில் தீர்ந்ததை நிரப்பிக் கதவருகே மாட்டிவிடுங்கள், அடுத்த முறை கிளம்பப் பத்து நிமிடம் போதும். கூடாரத்தை, காய்ந்துதான் இருக்கிறது என்று தோன்றினாலும், கொடியில் விரித்து மறுநாள் வரை விடுங்கள். தையல் மடிப்பில் ஈரம் நிற்கும், அப்படியே சுருட்டினால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்து, நீர் புகாத பூச்சு உரிந்துவிடும்.